துப்பாக்கிக் கட்டையில் எண்ணெய் பூச்சு சரியாக வரவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

துப்பாக்கிக் கட்டைக்கு, அதாவது கையில் பிடித்துத் தோளில் பதிக்கும் மரப் பகுதிக்கு, எண்ணெய் போடுவதில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை, தேவைக்கு மேல் பூசி, துடைக்க வேண்டிய நேரத்தில் துடைக்காமல் விட்டதால் வருபவை. மீதியில் பல, மரத்தில் முன்பே ஊறிக் கிடக்கும் வேறு எண்ணெயாலோ மெழுகாலோ வருபவை. அதனால் எந்தக் கோளாறாக இருந்தாலும், "இன்னொரு கோட்டிங் போட்டால் சரியாகிவிடும்" என்று கை போவதை முதலில் நிறுத்துங்கள். கோளாறின் மேல் பூசும் ஒவ்வொரு கோட்டிங்கையும் பின்னால் நீங்களே சுரண்டி எடுக்க வேண்டிவரும்.

இங்கே சொல்பவை வால்நட் கட்டைக்கு. ஏர் ரைஃபிளோ, .22 ரைஃபிளோ, பழைய இரட்டைக் குழல் பன்னிரண்டு போரோ, வேலை ஒன்றுதான். ஈட்டி, சீசம், தேக்குக் கட்டைகள் எங்கே வேறுவிதமாக நடந்துகொள்ளுமோ அங்கே தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. எண்ணெய் என்றால் பெயின்ட் கடையில் விற்கும் டபுள் பாயில்டு லின்சீட் ஆயில், டங் ஆயில், அல்லது ட்ரூ-ஆயில் போன்ற கட்டைக்கென்றே தயாரித்த எண்ணெய். வார்னிஷ், பாலியூரித்தேன், மெலமைன் பூச்சுகளுக்கு இது பொருந்தாது.

கை வைக்கும் முன் துப்பாக்கி காலியா என்று தோட்டா அறையைத் திறந்து கண்ணால் பாருங்கள், விரலாலும் தொட்டுப் பாருங்கள். ஏர் ரைஃபிளில் ஸ்பிரிங் இழுபட்ட நிலையில் இருக்கக் கூடாது. பிறகு திருகுகளைக் கழற்றி உலோகத்தையும் கட்டையையும் பிரியுங்கள். கழற்றும் முன் ஒவ்வொரு திருகின் வெட்டும் எந்தத் திசையில் நிற்கிறது என்று செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பின்னால் குறி மாறினால் அந்தப் படம்தான் கைகொடுக்கும்.

## முதலில் துணி

இது பூச்சின் கோளாறு அல்ல, வீட்டின் பாதுகாப்பு. லின்சீட், டங், ட்ரூ-ஆயில் மூன்றும் காயும்போது சூடு விடும். எண்ணெய் நனைத்த பனியன் துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அந்தச் சூடு உள்ளேயே தேங்கி, நெருப்புக் குச்சி எதுவும் இல்லாமலே சில மணி நேரத்தில் தீப்பிடிக்கும்.

துணி கையில் வெதுவெதுப்பாக இருக்கிறதா, காரமான எண்ணெய் நெடி அடிக்கிறதா? உடனே தண்ணீரில் முக்குங்கள். வழக்கமாகச் செய்ய வேண்டியது: வேலை முடிந்ததும் ஒவ்வொரு துணியையும் தனித்தனியாக விரித்து, வெளியே கொடியிலோ சிமென்ட் தரையிலோ போட்டு, மொடமொடவென்று காய்ந்த பிறகு குப்பையில் சேருங்கள். அல்லது தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் மூழ்கப் போட்டு மூடுங்கள். எண்ணெய் தேய்த்த வாட்டர் பேப்பருக்கும் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்), அந்தத் தூள் படிந்த துணிக்கும் இதே விதிதான்.

## மூன்று சோதனைகள்

கீழே உள்ள ஒவ்வொரு கோளாறிலும் இவை திரும்பத் திரும்ப வரும்.

கண்ணாடிச் சோதனை. கட்டையில் பூசும் அதே நேரத்தில், அதே துணியால் ஒரு கண்ணாடித் துண்டிலும் மெல்லிசாக ஒரு தடவு தடவி, கட்டைக்குப் பக்கத்திலேயே வையுங்கள். கண்ணாடியில் காய்ந்து கட்டையில் காயவில்லை என்றால் குற்றம் மரத்தில், அல்லது பூசிய கனத்தில். இரண்டிலும் காயவில்லை என்றால் குற்றம் எண்ணெயில், அல்லது காற்றின் ஈரத்தில்.

தூள் சோதனை. வெளியே தெரியாத ஓர் இடத்தில், பட் பிளேட்டை (தோளில் பதியும் முனையை மூடும் தகடு) ஒட்டி, காய்ந்த 400 நம்பர் உப்புத்தாளால் நான்கு தேய்ப்பு. மாவு போல வெளிறிய தூள் வந்தால் பூச்சு இறுகிவிட்டது. தாளில் பசை உருண்டை ஒட்டினால் இன்னும் இறுகவில்லை. இந்தச் சோதனையில் தேறாத பூச்சின் மேல் அடுத்த கோட்டிங் போடவே கூடாது.

சாய்வு வெளிச்சம். அறை விளக்கை அணைத்து, டார்ச்சைக் கட்டையோடு ஒட்டினாற்போலப் படுக்க வைத்து அடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத கீறலும் குழியும் தூசியும் நிழலோடு எழுந்து நிற்கும்.

## அறிகுறி: பிசுபிசுப்பு போகவே இல்லை

காய எவ்வளவு நேரம் என்பதை முதலில் சரிபாருங்கள். மெல்லிசாகப் பூசித் துடைத்த டபுள் பாயில்டு லின்சீட் நல்ல வெயில் காலத்தில் ஒரு நாளில் தொடும் பதத்துக்கு வரும், இரண்டு நாள் கொடுப்பது நல்லது. ட்ரூ-ஆயில் சில மணி நேரத்தில் தொடலாம், மறுநாள் அடுத்த கோட்டிங் போடலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில், கடலோர ஊர்களில் இதை இரட்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த நேரம் தாண்டியும் விரல் ஒட்டினால்தான் கோளாறு.

கண்ணாடியிலும் ஒட்டுகிறது என்றால்

டப்பாவைப் பாருங்கள். "ரா" லின்சீட் என்று எழுதியிருந்தால் அது காய வாரக்கணக்கில் ஆகும். பழைய ராணுவ ரைஃபிள் கட்டைகளுக்கு ரா லின்சீட்டில் ஊற வைக்கும் வழக்கம் இருந்தது, ஆனால் அங்கே அவசரம் இருக்கவில்லை. டபுள் பாயில்டு என்று எழுதியிருந்தும் காயவில்லை என்றால், டப்பா திறந்து எத்தனை காலம் ஆகிறது என்று பாருங்கள். மேலே ஆடை கட்டி, உள்ளே தேன் போலக் கெட்டியாகிவிட்ட எண்ணெயைக் கொட்டிவிட வேண்டியதுதான்.

மண்ணெண்ணெய் கலந்தீர்களா? அது மெதுவாக ஆவியாகி, பசை விட்டுச் செல்லும். இளக்க வேண்டுமென்றால் டர்பன்டைன் மட்டும், அதுவும் முதல் கோட்டிங்கில் மட்டும், சம பங்கு.

எண்ணெய் சரி, மழை பெய்கிறது என்றால்: பட் திருகு ஓட்டையில் ஒரு கம்பி மாட்டி, கட்டையை உத்தரத்தில் தொங்கவிட்டு, மின்விசிறியை மெல்ல ஓடவிடுங்கள். பூட்டிய அலமாரியில் வைத்தால் காயாது, காற்று வேண்டும். காலை எட்டு மணி வெயில் நல்லது. உச்சி வெயில் வேண்டாம், கட்டையின் மெல்லிய ஓரங்கள் வெடிக்கும்.

கண்ணாடியில் காய்ந்தது, கட்டையில் முழுக்க ஒட்டுகிறது என்றால்

கனமாகப் பூசியிருக்கிறீர்கள். ஒரு பக்கத்துக்குக் கால் தேக்கரண்டி எண்ணெய் போதும், கடைசிக் கோட்டிங்குகளில் சில சொட்டு. இதைக் குறைந்த செலவிலிருந்து ஆரம்பித்து இப்படிச் சரிசெய்யுங்கள்:

முதலில் மூன்று நாள் காற்றாட விடுங்கள். பிசுக்கு குறைந்தால் இன்னும் மூன்று நாள்.

குறையவில்லையா? அதே எண்ணெயைச் சில சொட்டு புதிதாக விட்டு, சாம்பல் நிறச் செயற்கை நாரால் (பாத்திரம் தேய்க்கும் நார் போன்ற துண்டு), மரத்தின் நார் போகும் திசையில் தேயுங்கள். புது எண்ணெய் பாதி காய்ந்த பழைய எண்ணெயை இளக்கும். ஐந்து நிமிடத்துக்குள், உலர்ந்த பனியன் துணியால் அத்தனையையும் துடைத்து எடுங்கள். துணியில் எதுவும் ஒட்டாமல் போகும் வரை துணியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இங்கே சோம்பினால் ஆரம்பித்த இடத்துக்கே திரும்பி வருவீர்கள்.

அதுவும் பலிக்கவில்லை என்றால், டர்பன்டைன் நனைத்துப் பிழிந்த துணியால் பசை அடுக்கை முழுக்கக் கழுவி எடுத்துவிட்டு, இரண்டு நாள் காயவிட்டு, 320 நம்பரிலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.

சில இடங்களில் மட்டும் ஒட்டுகிறது என்றால்

கழுத்திலும் (கை பிடிக்கும் ஒடுங்கிய இடம்) கன்னம் படும் இடத்திலும் மட்டும் என்றால் அது வருடக்கணக்கில் ஊறிய வியர்வை, முக எண்ணெய், தலைக்குத் தேய்த்த தேங்காய் எண்ணெய். முன்பு வைத்திருந்தவர்கள் "கட்டை பளபளக்கட்டும்" என்று தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ விளக்கெண்ணெயோ தடவியிருப்பதும் சாதாரணம். இவை லின்சீட் போல இறுகிப் படலம் ஆகாது. அவற்றோடு கலந்த லின்சீட்டும் சரியாக இறுகாது. உலோகம் உட்காரும் தலைப்பகுதியில் ஒட்டினால் அது துப்பாக்கி எண்ணெய்.

அசிட்டோனால் துடைத்துப் பாருங்கள். துணி மஞ்சளாகவோ பழுப்பாகவோ வந்தால் உள்ளே எண்ணெய் இருக்கிறது. ஹேர் டிரையரை 15 செ.மீ. தள்ளிப் பிடித்துச் சூடு காட்டினால் மரம் வியர்ப்பது போல எண்ணெய் மேலே வரும், அதைத் துடைத்தபடியே போங்கள். டிரையரை அணைத்து, கட்டை முழுக்க ஆறிய பிறகுதான் அசிட்டோன் பக்கமே போக வேண்டும், அதன் ஆவி சட்டென்று பற்றும். இன்னும் மிச்சம் இருந்தால் வொயிட்டிங் பவுடரை (நைசான சாக்குத் தூள்) அசிட்டோனில் குழைத்து, 3 மி.மீ. கனத்துக்கு அப்பி, முழுக்கக் காய்ந்ததும் பல் துலக்கும் பிரஷால் தட்டி எடுங்கள். தூள் பழுப்பாக மாறியிருக்கும். தூள் வெள்ளையாகவே வரும் வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும். இதெல்லாம் திறந்த வெளியில், அடுப்பும் மின்பொறியும் இல்லாத இடத்தில்.

ஈட்டி, சீசம், தேக்கு என்றால்

இந்த மரங்களில் இயல்பாகவே உள்ள பிசின் எண்ணெயை இறுக விடாது, நீங்கள் எவ்வளவு ஒழுங்காகப் பூசியிருந்தாலும் சரி. அசிட்டோனால் அழுத்தித் துடைத்து, அது ஆவியானதும் தாமதிக்காமல் முதல் கோட்டிங்கைப் போடுங்கள். அப்படியும் ஒட்டினால் நடுவே ஒரு தடுப்பு வேண்டும்: 100 மி.லி. பாலிஷ் ஸ்பிரிட்டில் 12 கிராம் அரக்குச் செதிலை ஓர் இரவு ஊறவிட்டு, அடியில் படியும் மெழுகைக் கலக்காமல் மேலே தெளிந்ததை மட்டும் எடுத்து, ஒரே ஒரு மெல்லிய கோட்டிங். மறுநாள் 400 நம்பரால் லேசாகத் தடவிவிட்டு அதன் மேல் ட்ரூ-ஆயில் வகை எண்ணெய். லின்சீட்டைவிட இந்த மரங்களுக்கு அதுவே மேல்.

## அறிகுறி: துடைத்த பிறகும் புள்ளி புள்ளியாக எண்ணெய் கசிகிறது

பூசித் துடைத்து வைத்த கட்டையில் ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஊசிமுனை அளவு மினுக்குப் புள்ளிகள். வால்நட்டின் பெரிய துளைகள் குடித்த எண்ணெயைத் திருப்பித் தருகின்றன. அப்படியே காய்ந்தால் ஒவ்வொரு புள்ளியும் சிறு பொருக்காகி, பூச்சு முழுதும் சொரசொரப்பாகிவிடும்.

ஈரமாக இருக்கிறதா? துடைத்தால் போதும். முதல் இரண்டு கோட்டிங்குக்குப் பிறகு 20 நிமிடத்துக்கு ஒருமுறை, புள்ளி வருவது நிற்கும் வரை துடைக்க வேண்டும். அதனால்தான் முதல் கோட்டிங்கைக் காலையில் போடச் சொல்கிறோம், இரவு பூசிவிட்டுத் தூங்கப் போகக் கூடாது. பூசிய கட்டையைச் சூட்டில் வைத்தால் கசிவு அதிகமாகும், நிழலில் வையுங்கள்.

பொருக்கு கட்டிவிட்டதா? தூள் சோதனை தேறும் வரை காத்திருந்து, 400 நம்பர் தாளைக் கார்க் கட்டையிலோ கெட்டி ரப்பரிலோ சுற்றித் தேய்த்துச் சமப்படுத்துங்கள். விரலால் மட்டும் தாளைப் பிடித்துத் தேய்த்தால் விரல் படும் இடம் குழியும்.

## அறிகுறி: தடவினால் வழவழப்பு இல்லை

எல்லாம் காய்ந்துவிட்டது, நிறமும் நன்றாக இருக்கிறது, ஆனால் கையில் தடை படுகிறது. எந்தத் தடை என்பதை டார்ச் சொல்லும்.

பூனை முடி போலச் சிலும்பி நிற்கிறது. முதல் கோட்டிங்குக்கு முன் மரத்தை நனைத்துச் சிலும்பை எழுப்பித் தேய்க்கவில்லை. வெறும் மரமாக இருந்தால்: ஈரத் துணியால் துடைத்து, ஹேர் டிரையரால் உடனே உலர்த்துங்கள். முடி எழும். புதிய 320 நம்பர் தாளால், அழுத்தாமல், எழுந்ததை மட்டும் அறுத்தெடுங்கள். பழைய தாள் முடியைப் படுக்க வைக்குமே தவிர அறுக்காது. மூன்று முறை செய்தால் அடுத்த முறை எழாது. ஏற்கெனவே பூசிய கட்டையாக இருந்தால் கீழே வரும் எண்ணெய்த் தேய்ப்பே இதையும் தீர்க்கும்.

மணல் தூவியது போல நெருநெருக்கிறது. தூசி. அல்லது எண்ணெய்ப் புட்டியில் காய்ந்த ஆடை உடைந்து கலந்திருக்கிறது. எண்ணெயைப் பழைய நைலான் காலுறையில் வடிகட்டுங்கள். வேலைக்கு வேண்டியதைச் சிறு மூடியில் ஊற்றி எடுத்துக்கொண்டு புட்டியை உடனே மூடுங்கள். மீந்ததைத் திரும்ப ஊற்றாதீர்கள். காய்ந்த பூச்சின் மேல் சாம்பல் நாரால் ஒரு தேய்ப்பு, அடுத்த கோட்டிங் மெல்லிசாக. கட்டையைத் தேய்த்து மரத்தூள் பறந்த அறையிலேயே கடைசிக் கோட்டிங் போடாதீர்கள். தரையில் தண்ணீர் தெளித்த வேறு அறை நல்லது.

நீளக் கோடு கோடாகச் சிறு பள்ளங்கள். மரத்தின் துளைகள் நிரம்பவில்லை. வழவழப்பு வராததற்கு இதுவே முதல் காரணம். மேலே மேலே கோட்டிங் போட்டு நிரப்பப் பார்ப்பவர்களே அதிகம். பூச்சு கனமாகும், பள்ளமும் கூடவே கீழே இறங்கி அப்படியே தெரியும். துளையை நிரப்ப வேண்டியது மரத்தின் சொந்தத் தூள்.

செய்யும் விதம் இது. 400 நம்பர் வாட்டர் பேப்பரை உள்ளங்கையில் பாதி அளவுக்கு வெட்டி, ரப்பர் கட்டையில் சுற்றி, எண்ணெயில் தோய்த்து, ஒரு சாண் இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நார் திசையில் தேயுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் எண்ணெயும் மரத்தூளும் சேர்ந்து பழுப்புச் சேறாகும். அது தோசை மாவு பதத்துக்கு வந்ததும் நிறுத்தி, நாருக்குக் குறுக்காக உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துத் துளைக்குள் தள்ளுங்கள். பத்து நிமிடம் விட்டு, மேலே நிற்பதை மட்டும் குறுக்குவாட்டில், அழுத்தாமல், துணியால் வழித்தெடுங்கள். நார் திசையில் துடைத்தால் துளையில் போனது திரும்ப வந்துவிடும். அடுத்த சாண். முழுக் கட்டையும் முடிந்ததும் இரண்டு மூன்று நாள் காய விடுங்கள். தூள் சோதனை தேறினால் மறுபடி 400, பிறகு 600. நல்ல அடர்ந்த வால்நட்டுக்கு மூன்று முறை போதும், துளை பெரிய மரத்துக்கு ஐந்து ஆகும். பொறுமை வேண்டிய வேலை, ஆனால் கடைசியில் கையில் கிடைக்கும் வழவழப்பு வேறு எந்த வழியிலும் வராது.

நிரம்பியதா என்று பார்க்க: சாய்வு வெளிச்சத்தில் கோடுகள் மறைந்து, பரப்பு ஒரே தகடாகத் தெரிய வேண்டும். கழுத்துக்குப் பின்னாலும் தோள் முனை அருகிலும் கடைசியாகத்தான் நிரம்பும், அங்கே பாருங்கள்.

குறுக்கே கீறல். 150-லிருந்து 320-க்குத் தாவியிருக்கிறீர்கள். 220-ஐ விட்டதற்கான தண்டனை எண்ணெய் பட்ட பிறகுதான் தெரியும். மேலே பூசி மறைக்க வழியில்லை. அந்த இடத்தை 220-ல், நார் திசையில், கீறல் போகும் வரை தேய்த்து, 320, 400 என்று வர வேண்டும். உலோகம் சேரும் ஓரங்களில் மட்டும் எச்சரிக்கை: அங்கே மரத்தைக் கூடுதலாகத் தேய்த்தால் உலோகம் மேலேயும் மரம் கீழேயும் நிற்கும், அதைத் திரும்ப வளர்க்க முடியாது. அந்த ஓரக் கீறல்களை விட்டுவிடுவதே நல்லது.

## அறிகுறி: ஓரிடம் மினுங்குகிறது, ஓரிடம் மங்குகிறது

தோள் முனையும் வளைவுகளும் மங்கினால் அது குறுக்குவெட்டு முகம், எண்ணெயை அதிகம் குடிக்கிறது. அந்த இடங்களுக்கு மட்டும் இரண்டு மூன்று கோட்டிங் கூடுதலாகக் கொடுத்தால் சமமாகும். பட் பிளேட்டைக் கழற்றி அதன் அடியிலும் இரண்டு கோட்டிங் கண்டிப்பாகப் போடுங்கள், ஈரம் உள்ளே போகும் பெரிய வாசல் அதுதான்.

மங்கல் திட்டுக்கு எல்லைக் கோடு தெளிவாக இருந்தால் பழைய வார்னிஷோ பசையோ மிச்சம் இருக்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள்: வெறும் மரத்தில் பரவி ஊறும், பழைய வார்னிஷில் முத்தாக நிற்கும். அப்படி நின்றால் பெயின்ட் ரிமூவர் போட்டு அந்த முகம் முழுவதையும் எடுக்க வேண்டும், திட்டை மட்டும் அல்ல.

மொத்தமும் மினுக்கு அதிகம், கண்ணாடி போல இருக்கிறது என்றால் அது கோளாறே அல்ல. ஒரு வாரம் இறுகவிட்டு, சாம்பல் நாரால் நார் திசையில் மெல்லத் தேய்த்தால் பட்டுப் பதத்துக்கு இறங்கும்.

## அறிகுறி: சுருக்கம், வடிந்த கோடு

கனமாகப் பூசியது. மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கிறது. பிளேடை நிமிர்த்திப் பிடித்துச் சுரண்டி, மூன்று நான்கு நாள் காயவிட்டு, 400 தேய்த்துத் தொடருங்கள்.

## அறிகுறி: வெண்மை படிகிறது

துளைகளுக்குள் மட்டும் வெள்ளைக் கோடுகள் என்றால் பாலிஷ் பேஸ்ட்டோ மெழுகோ காய்ந்து நிற்கிறது. பிரஷில் டர்பன்டைன் தொட்டுத் தேய்த்தால் போய்விடும். துளை நிரம்பும் முன் மெழுகு போட்டதால் வந்தது அது.

மேலே பனி போலப் படர்ந்திருந்தால் ஈரம். மழை நாளில் பூசியதாலோ, ஈரமான உறையில் வைத்ததாலோ வரும். துணி உறையிலோ ரெக்சின் உறையிலோ துப்பாக்கியை மாதக்கணக்கில் வைக்கவே கூடாது. கட்டையைக் காற்றாட இரண்டு நாள் தொங்கவிடுங்கள், பாதி தானாகவே போகும். மீதியைச் சாம்பல் நாரும் இரண்டு சொட்டு எண்ணெயும் கொண்டு தேய்த்துத் துடைத்தெடுங்கள்.

## அறிகுறி: கறுப்பு படிகிறது

தொட்டால் மாவு போல வருகிறது, பூஞ்சை வாசனை அடிக்கிறது: பூஞ்சணம். லின்சீட் அதற்கு உணவு. டர்பன்டைன் துணியால் துடைத்து, காற்றும் வெளிச்சமும் படும் இடத்துக்கு மாற்றுங்கள். கடலோரத்தில் இருப்பவர்கள் கடைசி மூன்று கோட்டிங்கை ட்ரூ-ஆயில் வகையில் முடிப்பது நல்லது, சுத்த லின்சீட்டைவிட அது இறுக்கமான படலம்.

நீலக் கறுப்புப் புள்ளிகள், துடைத்தால் போகவில்லை: ஸ்டீல் வுல் (மெல்லிய இரும்பு நார்) துகள். வால்நட்டின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரமும் சேர்ந்தால் இந்த நிறம் வரும். கட்டை வேலையில் 0000 ஸ்டீல் வுல்லுக்குப் பதில் சாம்பல் நிறச் செயற்கை நார் போதும் என்று சொல்வது இதற்காகத்தான். வெறும் மரம் வரை தேய்த்து எடுத்த பிறகு, 200 மி.லி. வெந்நீரில் 2 தேக்கரண்டி ஆக்ஸாலிக் அமிலம் கரைத்துப் புள்ளிகளில் தடவி, 20 நிமிடம் கழித்து இரண்டு முறை நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து உலர்த்துங்கள். இது விஷம். கையுறை, கண்ணாடி கட்டாயம், சமையல் பாத்திரத்தில் கரைக்கக் கூடாது, காய்ந்த பிறகு அந்த மரத்தைத் தேய்க்கும்போது முகமூடி போடுங்கள்.

கழுத்தின் மேல், உலோகத்துக்குப் பின்னால் மட்டும் கறுப்பு: இதற்குத் தனித் தலைப்பு கடைசியில் இருக்கிறது.

## அறிகுறி: பிடியின் கட்டக் கீறல்கள் (செக்கரிங்) அடைபட்டுவிட்டன

ஈரமாக இருந்தால் டர்பன்டைனும் பல் துலக்கும் பிரஷும் போதும். இறுகிவிட்டால் பெயின்ட் ரிமூவரைச் சிறு தூரிகையால் அந்தக் கட்டத்துக்குள் மட்டும் வைத்து, சுற்றிலும் டேப் ஒட்டி, பத்து நிமிடம் கழித்துப் பிரஷால் எடுங்கள். செக்கரிங்குக்கு எப்போதும் உப்புத்தாள் கூடாது, முனைகள் மழுங்கிப் பிடிப்பு போய்விடும். முனைகள் ஏற்கெனவே மழுங்கியிருந்தால் செக்கரிங் வெட்டத் தெரிந்தவரிடம் கொடுத்து மீண்டும் வெட்டிய பிறகுதான் எண்ணெய், அதுவும் சம பங்கு டர்பன்டைன் கலந்து, ஒரே ஒரு முறை.

## அறிகுறி: எண்ணெய் போட்ட பிறகு குறி மாறிவிட்டது

திருகுகளை முதலில் பாருங்கள். புதுப் பூச்சின் மேல் இறுக்கிய திருகு, பூச்சு அமுங்கியதும் தளரும். ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் முன்னும் பின்னும் உதைப்பதால் இன்னும் சீக்கிரம் தளரும். முன்பு எடுத்த படத்தோடு வெட்டின் திசையை ஒப்பிட்டு, தயாரிப்பாளர் சொன்ன இறுக்கத்துக்கு வையுங்கள்.

அது சரி என்றால் குழல் பள்ளம். குழல் கட்டையில் படாமல் தனியே நிற்கும்படி செய்த ரைஃபிளாக இருந்தால், ஒரு பத்து ரூபாய்த் தாளைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே செருகி, முன்னிருந்து பின்னாக இழுத்து வாருங்கள். எங்கே சிக்குகிறதோ அங்கே எண்ணெய் திரண்டு நிற்கிறது. அந்த இடத்தைத் தேய்த்தெடுங்கள்.

உலோகம் உட்காரும் பள்ளத்துக்குள் ஒரே ஒரு மெல்லிய கோட்டிங்குக்கு மேல் பூசக் கூடாது. உலோகம் அசையாமல் உட்கார எபாக்சி பசை கொண்டு படுக்கை அமைத்த பரப்பில் எண்ணெயே படக் கூடாது. பள்ளத்துக்குள் மரத்தைச் சுரண்டிச் சரிசெய்ய முயலாதீர்கள். திருகும் குழலும் சரியாக இருந்தும் குறி கூடவில்லை என்றால், அங்கிருந்து அது துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரின் வேலை.

## அறிகுறி: கட்டைத் தலை கறுத்து மெத்தென்று இருக்கிறது, விரிசல் தெரிகிறது

துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போட்டு, குழல் மேல்நோக்கி நிற்க வைப்பதால் வரும் நோய் இது. மிஞ்சிய எண்ணெய் மெல்ல மெல்லக் கீழே இறங்கிக் கட்டையின் தலைப்பகுதியில் ஊறி, மரத்தை இளக்கிவிடும். பழைய இரட்டைக் குழல் துப்பாக்கிகளில் இது மிகச் சாதாரணம். எண்ணெய் போட்ட துப்பாக்கியை ஒரு நாளாவது குழல் கீழ்நோக்கி, துணி மேல் நிற்க வையுங்கள்.

நகத்தால் அழுத்துங்கள். மற்ற இடத்தைப் போலவே தாங்கினால் மேலே சொன்ன டிரையரும் வொயிட்டிங் பவுடரும் பலனளிக்கும். தலைப்பகுதிக்கு இது வாரக்கணக்கில் எடுக்கும், அவசரப்படாதீர்கள். நகம் பதிந்தால் மரம் இளகிவிட்டது. டர்பன்டைன் துடைத்ததும் ஒரு கோடு மட்டும் ஈரம் காயாமல் நின்றால் அது விரிசல். கழுத்தில், உலோக வாலுக்கு (உலோகத்திலிருந்து கட்டைக்குள் பின்னோக்கி நீளும் நாக்கு) பின்னால், திருகு ஓட்டையைச் சுற்றி உள்ள விரிசலை எண்ணெய் மறைக்கும், ஒட்டாது. எண்ணெய் ஊறிய மரத்தில் பசையும் பிடிக்காது, அதனால் விரிசல் தெரிந்த கட்டையில் மேலும் ஒரு சொட்டுகூட எண்ணெய் விடாமல் நிறுத்துங்கள். சரிசெய்யும் வரை அந்தத் துப்பாக்கியைச் சுடவும் கூடாது.

இதற்கு உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவர்தான் வேண்டும். விரிசலுக்குக் காரணம் உலோக வாலின் பின்னால் இடைவெளி இல்லாததா, தளர்ந்த திருகா, இளகிய மரமா என்று அவர் பார்த்துவிட்டுத்தான் ஒட்டுவார். காரணத்தை விட்டுவிட்டு ஒட்டினால் மறுபடி அதே இடத்தில் வெடிக்கும்.

மேல் பூச்சு வேலைக்கு மட்டும் நல்ல பாலிஷ் தொழிலாளியிடம் கொடுப்பதென்றால் கழற்றிய கட்டையை மட்டும் கொடுங்கள். உரிமத் துப்பாக்கியை உரிமம் இல்லாதவர் கையில் ஒப்படைப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். கட்டையோடு ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள்: பள்ளத்துக்குள் தேய்க்கக் கூடாது, உலோகம் சேரும் ஓரங்களை உருட்டக் கூடாது, மெலமைனோ பியூ (பாலியூரித்தேன்) பாலிஷோ வேண்டாம், எண்ணெய் மட்டும்.